கண்ணுக்குத் தெரியாத சுவிட்சும் கணக்கில் வராத சொந்தமும்

என் மனைவியோடு பிறந்தவன் என்ற ஒரே காரணத்தால் இன்றுவரை என் அன்புக்குப் பாத்திரமாக இருந்துவரும் மைத்துனனுக்கு, அத்தான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் மகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிறத்தியாரை மாட்டிவிட்டவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள். இங்கே உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது, வேளாவேளைக்குப் பசிக்கிறது. தலைவலி ஒன்றுதான் புதிது. அது நீ கொடுத்தது.

போன மழைக்காலத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்து, கைப்பிடி ஆடுகிற நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டுக்கொண்டு சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அத்தான், நாம வேலை பார்த்த ஆபீஸ்ல ஒரு குழு போடுறாங்க. நானோ ஆராய்ச்சிக்காரங்களுக்கு அரசாங்கப் பணம் கொடுக்கிற குழு. மக்கள் பணம் ஆச்சே, மக்கள்ல ஒருத்தர் உட்காரணும்னு சட்டம். படிச்சவனைப் போட்டா படிச்சவன் பக்கம் சாய்ஞ்சிடுவான்னு படிக்காதவரைத் தேடுறாங்க. உங்களை விட்டா ஆள் ஏது?" என்றாய். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்லை அத்தான். டீ வரும், பிஸ்கட் வரும், தலையை ஆட்டணும், அவ்வளவுதான்" என்றாய். தலையை ஆட்ட மட்டும் ஒன்று வேண்டுமென்றால் மேசை விசிறி ஒன்றை வாங்கி வைத்திருக்கலாமே, என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? இந்த இடத்தில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். உன் அக்கா எழுத மறுக்கிறாள். இடம் விடச் சொல்லியிருக்கிறேன், நீயே நிரப்பிக்கொள்.

எனக்கு எழுத்து தெரியாதே தவிர ஞாபகம் உண்டு என்பதை நீ யோசித்துப் பார்க்கவில்லை. அந்த ஆராய்ச்சித் துறைக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன் நான். நாலு பேர் நிற்கிற பெட்டிக்குள் ஐந்தாவதாக நிற்கிறவனை யாரும் ஆளாகவே எண்ணுவதில்லை. கதவு மூடியதும் வாய் திறந்துவிடும். யார் வீட்டில் யாருக்குப் பெண் பார்த்தார்கள், யார் மாமனார் பாகம் பிரித்ததில் யாரை ஏமாற்றினார், எந்தத் தம்பி எந்த அண்ணி கை காபி குடிக்க மாட்டேன் என்று சபதம் போட்டான், எல்லாம் தரைத்தளத்தில் ஆரம்பித்து ஏழாம் மாடியில் முடியும். முடியாவிட்டால் மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் எதையும் தேடிப் போய்க் கேட்டவனில்லை. காதில் விழுந்தது, உள்ளே தங்கிவிட்டது. ஓய்வு பெற்றதும் காலியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாடி ஏறிவிடலாம். நானோ மின்னணுவியல் ஆராய்ச்சி மற்றும் புத்தாக்க நிதி உதவித் தெரிவுக் குழு. பொருள் கண்ணுக்கே தெரியாதாம், பெயர் மட்டும் சுவருக்குச் சுவர் நீளம். அறைக்குள் போனால் ஐஸ் பெட்டிக்குள் வைத்தது மாதிரி குளிர். நாற்காலிக்குச் சக்கரம். உட்கார்ந்த வேகத்தில் அது பின்னால் ஓடி என்னைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தியது. முதல் மரியாதையே இப்படி. மேசையைச் சுற்றி மூன்று பேர். ஒருவர் தலைவர், வழுக்கை; அந்தத் தலையில் முடி இருந்த காலத்திலிருந்து எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியவில்லை. இன்னொருவர் நிதித்துறை அம்மா. மூன்றாவது ஆள் செயலர். அவருக்கு ஓட்டு இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் 'விதிப்படி' என்றுதான் ஆரம்பிப்பார். மனசுக்குள் அவருக்கு விதிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். எதிரே பணம் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். டை கட்டிய பேராசிரியர் ஒருவர். பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் மாவு பிசைகிற கம்பெனிக்காரர் ஒருவர். மூன்றாவதாக ஒரு பெண். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, சிரிக்காமல், ஒரு பச்சை பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் கொடுத்து, எனக்கெதற்கு என்று நான் உன்னிடம் தள்ளிவிட்டேனே, அதே மாதிரி பிளாஸ்க். ஓய்வு பெறுகிற எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள், ஊரெல்லாம் கிடக்கும்.

விதிக்காரர் எழுந்து நின்றார். "இருக்கிறது ஒரே தொகை, ஒருத்தருக்குத்தான். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிவாகலைன்னா நிதியாண்டு முடிஞ்சு பணம் கருவூலத்துக்கே திரும்பிடும். விதிப்படி ஒரு கேள்வி. குழுவுல யாருக்காவது வந்திருக்கிறவங்களோட உறவு உண்டா? ரத்த உறவோ, கல்யாண உறவோ, இருந்தா வெளியே போயிடணும். மறைச்சு, பின்னால தெரிஞ்சா, கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிடுவோம்" என்றார். தலைவர் இல்லை என்றார். நிதித்துறை அம்மா இல்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய வேலையில் இருப்பவர்கள், ஆயிரம் யோசனை, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது உதவிதானே? நீயே சொல், உதவிதானே? உன் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நான் தலைவரைப் பார்த்து, "ஐயா, அந்த டை கட்டினவரு உங்க சகலை ஆச்சே" என்றேன். தலைவர், "யாரு?" என்றார். "உங்க முதல் சம்சாரமும் அவரு சம்சாரமும் அக்கா தங்கச்சி. ரெண்டு பேரும் ஒண்ணா லிஃப்டுல ஏறுவீங்க. ஒரே மாமனாரைத் திட்டிக்கிட்டே ஏழாம் மாடி வரைக்கும் வருவீங்க" என்றேன். தலைவர் வழுக்கை முழுக்கச் சிவந்துவிட்டது. "பெரியவரே, அது கோர்ட்ல முடிஞ்சுபோன சம்பந்தம்" என்றார். "சம்சாரத்தைத்தான் கோர்ட்டு தீர்த்து வெச்சுது. சகலையைத் தீர்த்து வெச்சுதா?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். விதிக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாள் சகலை பத்தி விதி தெளிவா இல்லை. தெளிவா இல்லைன்னா, விதிப்படி வெளியே போறதுதான் நல்லது" என்றார். தலைவர் எழுந்தார். நாற்காலி அவரையும் ஒரு தடவை சுவரில் சாத்திவிட்டுத்தான் விட்டது.

நிதித்துறை அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதோடு விட்டிருந்தால் அந்த அம்மா உள்ளேயே இருந்திருக்கும். என்னைப் பார்த்து, "எனக்கும் யாராவது சொந்தம் இருக்காங்களா தாத்தா?" என்று கேட்டது. கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? "இருக்காங்கம்மா. கையை ஆட்டிப் பேசுறாரே, அவரோட பாட்டியும் உங்க பாட்டியும் கூடப் பிறந்தவங்க. உங்க அம்மாவைப் பெத்தவங்களும் அவரு அப்பாவைப் பெத்தவங்களும். உங்க அம்மா நாலாவது மாடியில வேலை பார்த்தப்ப, அவரு அப்பாவை 'எங்க அண்ணன், எங்க அண்ணன்'னு சொல்லுவாங்க. உங்களைக்கூட ஒரு தடவை கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க, லிஃப்ட் கிளம்பினதும் அழுதீங்க. முறைப்படி பார்த்தா நீங்க இவருக்கு அத்தை மகள்" என்றேன். கையை ஆட்டுகிறவரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்! "என்ன உளர்றீங்க, நான் ரெண்டு பிள்ளைக்குத் தாய்!" என்று அந்த அம்மா கத்தியது. "முறையைச் சொன்னேன்மா, மாப்பிள்ளை பேசலை" என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைப் படீரென்று சாத்திவிட்டுப் போயிற்று.

இப்போது பார், மச்சான். கூட்டத்தில் ஓட்டுப் போடுகிற ஆள் நான் ஒருத்தன்தான் மிச்சம். விதிக்காரர் மூன்று தடவை புத்தகத்தைப் படித்தார். இருப்பவர்கள் எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தால் செல்லும் என்று போட்டிருக்கிறதாம். நானும் நானும் ஒருமனதாக இருக்க வேண்டியதுதான் பாக்கி. "உங்களுக்கு இதுல யாரும் சொந்தமில்லையே?" என்று என்னைக் கேட்டார். மூன்று பேரையும் தலைமுதல் கால்வரை பார்த்தேன், மனசுக்குள் எல்லாத் தளத்தையும் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடித்துச் சொன்னேன்.

மின்சார பில்லை உன் அக்கா படித்துக் காட்டினால்தான் எனக்குத் தெரியும். நான் எதை வைத்து நானோவுக்குப் பணம் கொடுப்பேன்? எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போனால் பணம் திரும்பிவிடும். அப்போது அந்தப் பெண், "ஐயா, இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு எங்க மெஷினை அணைச்சிடுவாங்க. தூசியே இல்லாத ரூம் அது, வாடகை கட்டலை. ஒரு தடவை அணைச்சா அது பழையபடி ஆக மாசக்கணக்காகும். அதுக்குள்ள கூட வேலை செய்யறவங்க வேற வேலை தேடிப் போயிடுவாங்க. யாருக்கு வேணா கொடுங்க, ஆனா கேட்டுட்டுக் கொடுங்க" என்றது. கெஞ்சவில்லை, மச்சான். பல் வலிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிற்று.

சரி என்று மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "நீங்க செய்யறது வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" டை கட்டியவர், "வராமல் போக வாய்ப்பே இல்லை" என்றார். லிஃப்ட் பழுதாகவே ஆகாது என்று சொன்ன இன்ஜினியர் ஒருவரோடு நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு அவர் அழுத அழுகை எனக்கு நினைவுக்கு வந்தது. கம்பெனிக்காரர், "வரலைன்னா பேரை மாத்தி அடுத்த வருஷம் வேற திட்டமாக் கேட்போம்" என்றார். உண்மையைச் சொன்னார், பாவம், அத்தை மகளைப் பார்த்த அதிர்ச்சி. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தது. "பத்து தடவை செஞ்சா எட்டு தடவை வர்றதில்லை ஐயா. ஏன் வரலைன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். மத்த ரெண்டு தடவை ஏன் வந்துச்சுன்னுதான் தெரியலை. அதைக் கண்டுபிடிக்கத்தான் பணம் கேக்கறேன்" என்றது.

அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். சுவிட்ச் என்றது. இப்போது போனுக்குள் இருக்கிற சுவிட்செல்லாம் கோடிக்கணக்கில் இருக்கிறதாம், ரொம்பச் சின்னதாகிவிட்டதாம், அவ்வளவு சின்னதானதும் மூடினாலும் சரியாக மூடாமல் மின்சாரம் கசிகிறதாம். கசியாமல் மூடுகிற சுவிட்ச் ஒன்று செய்கிறார்களாம். மச்சான், சரியாக மூடாத கதவைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. "எங்கே, காட்டு" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்து கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்றைக் காட்டிற்று. "எங்கேம்மா சுவிட்ச்?" "அதுலதான் ஐயா இருக்கு." "தெரியலையே." "எனக்கும் தெரியாது ஐயா, இருக்குன்னு மெஷின் சொல்லும்." கடைசியில் நான் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு, அதைக் கண்ணால் பார்க்காத ஒரு பெண்ணிடம், மக்கள் பணத்தைக் கொடுத்துவிட்டேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. மற்ற இருவருக்கும் தெரியாதது என்று ஒன்றுமே இல்லை, இவளுக்கு ஒன்றாவது தெரியாமல் இருந்ததே என்று கொடுத்தேன்.

முடிந்தது என்று நினைக்காதே. கையெழுத்து வேண்டுமாம். கைநாட்டுத்தான் என்றேன். கட்டடம் முழுக்கத் தேடினார்கள், மை ஒற்றும் பெட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் மயம். சுவரில் ஒரு பெட்டியில் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. மீண்டும் வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும். ஆயுசெல்லாம் லிஃப்ட் பித்தானை அழுத்தி என் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. டை கட்டியவர் ஈரப்பதம் குறைவு என்றார். கம்பெனிக்காரர் மென்பொருள் பழசு என்றார். அந்தப் பெண், "ஊதிட்டு வைங்க ஐயா" என்றது. கண்ணுக்குத் தெரியாததைச் செய்கிற மூன்று பேரும் கண்ணெதிரே இருக்கிற என் கட்டைவிரலைச் சுற்றி நின்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மணி ஐந்தை நெருங்கிற்று. அந்தப் பெண் தன் பேனாவை உடைத்து மை தருகிறேன் என்றது. "விதிப்படி விண்ணப்பதாரர்கிட்ட மைகூட வாங்கக் கூடாது" என்றார் விதிக்காரர். தன் பேனாவை உடைக்கலாமா என்றால் அது அரசாங்கச் சொத்தாம். சொல்லும்போதே பதற்றத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. காலையில்தான் தலைக்குச் சாயம் பூசியிருப்பார் போலிருக்கிறது, கிருதாவிலிருந்து கறுப்பாகக் கன்னத்தில் வழிந்தது. "தம்பி, கோவிச்சுக்காதே" என்று சொல்லி அவர் கன்னத்தில் கட்டைவிரலால் ஒரே இழுப்பு இழுத்துக் காகிதத்தில் பதித்துவிட்டேன். ரேகை விழுந்ததோ இல்லையோ, கறுப்பு விழுந்தது. அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த மைன்னு விதியில இல்லை" என்றார். மணி அடித்தது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தலைவரின் இப்போதைய சம்சாரம் போன் போட்டு, முதல் சம்சாரம் எப்படி இருப்பாள், என்னைவிடச் சிவப்பா என்று கேட்கிறார். நிதித்துறை அம்மா கோபமெல்லாம் ஆறி, பக்கத்து அறைக்காரர் தனக்கு என்ன முறை என்று கேட்கிறது. முகம் தெரியாதவர்களெல்லாம் கூப்பிட்டு, பெண் எடுக்கப் போகிறோம், அந்த வீட்டைப் பற்றி லிஃப்டில் ஏதாவது கேட்டதுண்டா என்கிறார்கள். இதற்கெல்லாம் மேலே, டை கட்டியவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார்: ஊராருக்கெல்லாம் உறவு சொன்ன கிழவருக்கு அந்தப் பெண் மட்டும் உறவில்லையா, விசாரியுங்கள் என்று. அடுத்த வாரம் அதிகாரி வீட்டுக்கே வந்து என்னிடம் உறுதிமொழி வாங்கப் போகிறாராம். உறவு என்று தெரிந்தால் பணம் திரும்பிவிடும், மெஷினை அணைத்துவிடுவார்கள். வரட்டும். நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதுதான் இந்த வீட்டில் இத்தனை வருஷமாகச் சண்டைக்கே காரணம்.

ஆகவே மைத்துனா, இந்தக் கடிதம் கண்டவுடன் அந்த ஆபீசுக்குப் போய் என் பெயரை எடுத்துவிடு. இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். எடுத்துவிட்டு வந்தால் என் வீட்டில் காபி உண்டு. எடுக்காமல் வந்தால் வாசலோடு சரி. உன் அக்கா முறைக்கிறாள், முறைக்கட்டும்.

உன் மகனுக்கு இன்னும் இடம் அமையவில்லை என்று கேள்விப்பட்டேன். நல்ல பெண்ணாகச் சீக்கிரம் அமையட்டும். அந்த பிளாஸ்க் பெண் மாதிரி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம். ஆனால் மாதிரிதான் இருக்க வேண்டும், அதே பெண்ணாக இருக்கக் கூடாது. அவள் நம் வீட்டுக்கு வந்தால் நான் செய்த ஒரே நியாயமான காரியம் அநியாயமாகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம் வரும், எனக்குத் தெரியும். உன் அக்கா ஏனோ பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

வந்துவிட்டாள். உன் மனைவிக்கு என் விசாரிப்பு. வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், குழு எதிலும் சேராமல், நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. இதை அவருக்குப் படித்துக் காட்டப் போவதில்லை. அந்தப் பெண் மடியில் அவர் பார்த்த பிளாஸ்க் நம் வீட்டு பிளாஸ்க்தான். தொலைந்துபோய்விட்டது என்று உன் மனைவியோடு இரண்டு நாள் சண்டை போட்டாயே, அதேதான். உன் மகன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். இரண்டு வருஷமாகப் பழக்கமாம். உன்னிடம் சொல்லப் பயந்து அத்தையிடம் சொன்னான்.

நேற்று இவர் நடக்கப் போன நேரத்தில் அந்தப் பெண்ணே வந்தது. குழுவில் இருந்த பெரியவர் உன் மகனுடைய மாமா என்று முந்தாநாள்தான் போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொண்டதாம். முகம் வெளுத்துப்போய் இருந்தது. விதிக்காரருக்கே போன் போட்டு, கட்டிக்கொள்ள நினைக்கிற பையனும் உறவா என்று கேட்டுவிட்டதாம். அவர் அரை மணி நேரம் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ரத்த உறவும் கல்யாண உறவும்தான் போட்டிருக்கிறது, நினைப்பு விதியில் இல்லை, ஆனால் திட்டம் முடிவதற்குள் கல்யாணம் ஆனால் உறவு என்று சொன்னாராம். திட்டம் மூன்று வருஷம். "அப்ப என்னம்மா பண்ணப் போறே?" என்று கேட்டேன். "அவர் காத்திருப்பார் அத்தை, மெஷின் காத்திருக்காது" என்றது. அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தது.

ஆகவே நீ பெண் பார்க்கிறதை இன்றோடு நிறுத்து. ஏன் என்று மகனிடம் கேட்காதே, அவனே அழுதுகொண்டிருக்கிறான். அதிகாரி வந்து போகும்வரை இந்தப் பக்கம் வராதே; உன் முகத்தில் எதுவும் தங்காது, இவருக்கு ஒரு பார்வை போதும். மூன்று வருஷம் கழித்து இவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நடந்த உறவையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு நடக்கப்போகிற உறவு தெரியாமல் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

பெயரை எடுக்கவும் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு என்று வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். கட்டைவிரலுக்குத் தினம் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறார், ரேகை வளருமாம்.

என்ன இவ்வளவு நேரமாக எழுதுகிறாய் என்று கேட்கிறார். உன் முகவரி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.